ஹாஃப்பாயில் கண்கள்

ஒரு மென்பொருள் வேலைக்காக ஸ்டுட்கார்ட்டில் இரண்டு வருஷம் இருந்தேன். என் குழுவில் என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஜெர்மன்காரர் ஒருவர். சிக்கனத்துக்குப் பேர்போனவர். ஆபீஸ் மெஷினில் காபிக்குக் காசு போட மனசு வராமல் வீட்டிலிருந்து ஃப்ளாஸ்க்கில் கொண்டுவருவார். அவரிடம் ஒரு போர்ஷே 911 இருக்கிறது என்று யாரோ சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு சனிக்கிழமை அதில் என்னை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே போனார். வெள்ளி நிறம், 1999-ம் வருஷத்து வண்டி. எதிரில் இன்னொரு 911 வந்தது, இதைவிடப் பழையது. இவர் ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். எதிரே வந்தவர் காட்டவில்லை.

"அவன் எஞ்சின் காத்துல ஆறுது. என்னோடது தண்ணியில ஆறுது. அவ்வளவுதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த சிக்னல் வரை ஒன்றும் பேசவில்லை.

புது மாடல் வந்தால் பழைய மாடல்காரர்கள் திட்டத்தான் செய்வார்கள், கொஞ்ச நாளில் பழகிடும் என்று இதைக் கடந்துபோயிருக்கலாம். "பழகிடும்" என்பது எங்கள் தொழிலில் தினமும் புழங்கும் வார்த்தை. ஒரு திரையை மாற்றியமைத்துவிட்டு, திட்டி வரும் மெயில்களைப் பார்த்து எத்தனையோ முறை நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வெள்ளி நிற வண்டி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கை இன்னும் ஸ்டியரிங்கை விட்டு எழவில்லை. பழகவில்லை. ஏன் என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. கிடைத்ததையெல்லாம் படித்தேன், நண்பரை நச்சரித்தேன், ட்சுஃபன்ஹவுசனில் இருக்கும் போர்ஷே அருங்காட்சியகத்துக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை என்னைப் பார்த்து டிக்கெட் கவுன்ட்டரில் சிரித்தார்கள்.

கொஞ்சம் பின்கதை. 911 முதலில் 1963-ல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் வந்தது. நடுவில் பூஜ்யம் வைத்த மூன்று இலக்கப் பெயர்கள் எங்களுடையவை என்று பெஜோ ஆட்சேபிக்க, 911 ஆனது. ஆறு சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் கிடக்கும் எஞ்சின், அதுவும் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் எஞ்சின். ப்ளஸ் டூ இயற்பியல் படித்தவர்களே சொல்லிவிடுவார்கள், எடையை வைக்கக் கூடாத இடம் அதுதான் என்று. வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்புறம் முன்னால் வரப் பார்க்கும். அதை அடக்கி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். 911 வைத்திருந்தவர்கள் ஒரு பொருளை மட்டும் வாங்கியிருக்கவில்லை. ஒரு வித்தையைப் பழகியிருந்தார்கள்.

எஞ்சின் காற்றில் ஆறியது. பெரிய விசிறி ஒன்று, நிறைய ஆயில், ரேடியேட்டர் கிடையாது. குளிர்காலத்தில் உள்ளே வரும் வெப்பம்கூட எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிவரும் காற்றிலிருந்துதான். அதனால் வண்டிக்குள் எப்போதும் லேசான எண்ணெய் வாசனை. பெடல்கள் தரையிலிருந்து முளைத்திருக்கும். டாஷ்போர்டில் ஐந்து வட்ட மீட்டர்கள், தனித்தனியாக. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் பானெட்டின் இரு பக்கமும் இரண்டு மேடுகள் எழுந்து நிற்கும், மேடுகளின் நுனியில் வட்ட விளக்குகள். வளைவில் வண்டியின் மூலை எங்கே இருக்கிறது என்று கணக்குப்போட அந்த மேடுகள் உதவும்.

இந்த வண்டியை ஒருமுறை கொல்லப் பார்த்தார்கள். 1977-ல் 928 வந்தது. எஞ்சின் முன்னால், எட்டு சிலிண்டர், தண்ணீர்க் குளிர்ச்சி. எல்லா வகையிலும் புத்திசாலித்தனமான வண்டி. 1978-ன் சிறந்த ஐரோப்பிய கார் விருதும் அதற்குத்தான். அன்றைய தலைவர் எர்ன்ஸ்ட் ஃபூர்மான் கணக்கில் 911-க்கு இனி வேலை இல்லை. 1981-ல் பீட்டர் ஷூட்ஸ் அந்த நாற்காலிக்கு வந்தார். பொறியியல் தலைவர் ஹெல்முத் போட்டின் அறைச் சுவரில் மாடல்களின் எதிர்காலத்தைக் காட்டும் வரைபடம் ஒன்று தொங்கியது. 911-ன் கோடு மட்டும் 1981-ல் நின்றிருந்தது. ஷூட்ஸ் மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டை நீட்டினார், காகிதத்தைத் தாண்டிச் சுவரிலும் இழுத்துக்கொண்டே போனார். இது பின்னாளில் அவரே சொல்லிவந்த கதை. சொந்தக் கதையைச் சொல்பவர்கள் கொஞ்சம் மெருகேற்றுவது சகஜம்தான். ஆனாலும் 911-காரர்களுக்கு இது புராணம். நிர்வாகம் கொல்லப் பார்த்தது, நம் பிரியம் காப்பாற்றியது என்று அவர்கள் இதைப் படித்துக்கொண்டார்கள். 1997-ல் வந்த கோபத்தின் விதை இந்த வாசிப்பில் இருக்கிறது.

1997. மறுபடி ஃப்ராங்க்ஃபர்ட். புது 911, உள்பெயர் 996. பழையதிலிருந்து ஏறக்குறைய எதையும் எடுத்துக்கொள்ளாமல் முதலிலிருந்து செய்த வண்டி. அதற்கு முந்தைய 993-ஐவிட 18.5 சென்டிமீட்டர் நீளம். எஞ்சினுக்கு இனி தண்ணீர். பெடல்கள் எல்லா வண்டியிலும்போல மேலிருந்து தொங்கின. ஐந்து மீட்டர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. வட்ட விளக்குகள் போய்விட்டன. ஹெட்லைட், இண்டிகேட்டர், பனிவிளக்கு எல்லாம் ஒரே கண்ணாடிக்குள் அடைக்கப்பட்டு, கீழ்ப்பக்கம் ஆரஞ்சு நிறம் வழிந்து நின்றன. ஜெர்மன்காரர்கள் ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதினார்கள்: ஷ்பீகல்ஐ. நம்மூரில் அதற்குப் பெயர் ஹாஃப்பாயில். மஞ்சள் கரு உடைந்து தட்டின் ஓரத்துக்கு ஓடியதுபோல இருந்தது விளக்கு.

ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டால் மாற்றிப் பார்க்கவே முடியாது. நல்ல வசைச்சொல்லுக்கு இருக்கிற பலம் அது. பலவீனமும் அதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லாக் குறைகளையும் ஒரு விளக்கின்மேல் கட்டிவிட்டது அந்தச் சொல்.

கம்பெனி தரப்பையும் கேட்போம். 1986 வாக்கில் வருஷத்துக்கு 50,000 வண்டிகளுக்கு மேல் விற்ற நிறுவனம், 1993-ல் 15,000-க்கும் கீழே விழுந்தது. பாதிக்கு மேல் அமெரிக்கச் சந்தையை நம்பியிருந்தவர்களை டாலர் சரிவு அடித்துப் போட்டது. யாராவது வாங்கிப் போட்டுவிடுவார்கள் என்ற பேச்சு. அந்த நேரத்தில் பொறுப்புக்கு வந்த வெண்டெலின் வீடெகிங் ஜப்பானிய உற்பத்தி முறை நிபுணர்களை வரவழைத்தார். பாக்ஸ்டர் என்ற விலை குறைந்த வண்டியும் புதிய 911-ம் சேர்ந்தே வளர்ந்தன. விளக்கு, பானெட், முன் மட்கார்டு, கதவு வரை இரண்டுக்கும் பொது. கேபிள் ஒன்று, கண்ணாடி ஒன்று, தொழிற்சாலையில் ஒரே தள்ளில் பொருத்திவிடலாம். தண்ணீர்க் குளிர்ச்சிக்கும் அவரவர் ரசனை காரணம் இல்லை. சத்தத்துக்கும் புகைக்கும் சட்டங்கள் இறுகிக்கொண்டே வந்தன. சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்தால் அந்த உச்சிச் சூட்டைக் காற்றை மட்டும் வைத்துச் சமாளிப்பது கஷ்டம். 993 வரை ஒவ்வொரு 911-ம் அந்தச் சுவரை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பலன்? 993 மொத்தம் 70,000-ஐத் தொடவில்லை. 996 ஏறக்குறைய 1,75,000 விற்றது. திட்டிய விளக்கு இல்லையென்றால், திட்டுவதற்கு இன்று 911 என்று ஒன்று இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்து, ரசிகர்கள் பாவம், அவர்களுக்குப் பொருளாதாரம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். 996 பற்றிய பல எழுத்துகள் இங்கேதான் வண்டியை நிறுத்துகின்றன. நானும் முதல் வரைவை இங்கேதான் முடித்திருந்தேன். படித்த நண்பர் ஃப்ளாஸ்க்கை மூடிக்கொண்டே கேட்டார்: "அப்போ அவங்க கோபப்பட்டது தப்பா?" தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

சென்னையில் என் முதல் வேலை. ஒரு சரக்குக் கிடங்குக்கான பில் போடும் மென்பொருளைப் புதுப்பித்தோம். பழைய கறுப்புத் திரையை எடுத்துவிட்டு அழகான வெள்ளைத் திரை. ஒரு வாரத்தில் புகார்: "கலர் கண்ணைக் குத்துது." நிறத்தை மாற்றினேன். திரும்பவும் அதே புகார். மூன்று முறை மாற்றினேன். பழகிடும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, கடைசியில் மனசு கேட்காமல் கிடங்குக்கே போய் உட்கார்ந்தேன். பில் போடும் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்க கையிலிருந்த சரக்குச் சீட்டில். விரல்கள் தானாக ஓடின. நான்கு டேப், ஒரு எஃப்7, அடுத்த பில். நாங்கள் கட்டங்களின் வரிசையை மாற்றி, எஃப்7-ஐத் தூக்கிவிட்டு, ஒரு பச்சைப் பட்டனை வைத்திருந்தோம். ஒவ்வொரு பில்லுக்கும் அவர் கையை எடுத்து மவுஸைத் தேட வேண்டும். தேடுவதற்குத் திரையைப் பார்க்க வேண்டும். "முன்னெல்லாம் நான் இதைப் பாக்கவே மாட்டேன் தம்பி, இப்ப நாள் பூரா பாத்துட்டே இருக்கேன், அதான் கண்ணு வலிக்குது" என்றார். நிறத்தில் ஒரு கோளாறும் இல்லை. பத்து வருஷமாக அவர் விரல்கள் கற்று வைத்திருந்ததை நான் ஒரு ரிலீஸில் அழித்திருந்தேன். அதற்கு அவரிடம் பெயர் இல்லை. கண்ணில் பட்டதைப் பெயராகச் சொன்னார்.

1997-ல் நடந்தது இதுதான் என்பது என் வாசிப்பு. விளக்கின்மேல் விழுந்த கோபத்தில் பெரும்பகுதி விளக்கைப் பற்றியது இல்லை. சாட்சி வேண்டுமென்றால் 1999-ல் வந்த 996 ஜிடி3-ஐப் பாருங்கள். அதே ஹாஃப்பாயில் விளக்கு, அதே தண்ணீர்க் குளிர்ச்சி. ஆனால் எஞ்சின் மட்டும் ஹான்ஸ் மெட்ஸ்கர் வழியில் பந்தயங்களிலிருந்து வந்த வேறு எஞ்சின். அந்த வண்டியை இன்று தேடித்தேடி வாங்குகிறார்கள். அதில் விளக்கு யார் கண்ணையும் உறுத்துவதில்லை. அதே முட்டைதான், தட்டு வேறு.

அப்படியானால் எது உறுத்தியது? ஒன்று, கொஞ்சம் அசிங்கமான காரணம். பாக்ஸ்டர் ஒரு வருஷம் முன்னாலேயே, 1996-ல், கடைக்கு வந்துவிட்டது. விலை 911-ல் பாதிக்குக் கொஞ்சம் மேல். இரண்டையும் சேர்த்து வரைந்தார்கள் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். தெருவில் நிற்பவருக்கு, 911 பாக்ஸ்டரின் முகத்தைக் கடன் வாங்கிக்கொண்டு வந்தது. இரண்டு மடங்கு கொடுத்தவர் எதிரே வரும் வண்டியின் முகத்தில் தன் முகத்தைப் பார்க்கிறார். இது அந்தஸ்துச் சண்டை, ரசனை என்ற வேஷ்டி கட்டி வந்தது. கம்பெனிக்கும் இது புரிந்திருக்க வேண்டும். 2002 மாடலில் 911-க்கு டர்போவின் விளக்கைக் கொடுத்து பாக்ஸ்டரிடமிருந்து பிரித்தார்கள். முட்டையை மாற்றியதைவிடப் பந்தியை மாற்றியது முக்கியமாக இருந்தது.

இன்னொன்று அவ்வளவு எளிதில் கேலி செய்ய முடியாதது. விசிறியின் இரைச்சல், எண்ணெய் வாசனை, தரையிலிருந்து முளைத்த பெடலின் எடை, பனிக்காலையில் எஞ்சின் சூடேறும்வரை காத்திருக்கும் பழக்கம். இவை குறைகள்தான். ஆனால் அந்தக் குறைகளோடு பழகியதுதான் அவர்கள் வித்தை. 996 எடையிலும் கொஞ்சம் குறைவு, வேகத்திலும் அதிகம், வளைவில் உங்களைக் கொல்லப் பார்க்காது. யாராலும் ஓட்ட முடியும். யாராலும் ஓட்ட முடியும் என்பதுதான் அவர்கள் இழந்தது. கிடங்கு அக்காவின் எஃப்7.

ஆனால் அந்த அக்காவையும் 911-காரரையும் ஒரே தராசில் வைக்க எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. ஒருவருக்கு அது பிழைப்பு, இன்னொருவருக்கு ஞாயிற்றுக்கிழமை. இழந்தது ஒன்றுபோல இருக்கலாம், விலை ஒன்றல்ல.

அவர்கள் தவறவிட்டதையும் சொல்லியாக வேண்டும். 996-ன் உண்மையான பலவீனம் 1997-ல் யார் கண்ணிலும் படவில்லை. கிராங்க் ஷாஃப்டிலிருந்து வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுக்குச் சுழற்சியைக் கடத்தும் ஒரு நடுத்தண்டு உண்டு, ஐஎம்எஸ் என்பார்கள். அதன் ஒரு முனையில் உட்கார்ந்திருப்பது மூடிய சின்ன பால் பேரிங். அது சில எஞ்சின்களில் உடைந்தது. உடைந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சின் மொத்தமாகப் போய்விடும். அமெரிக்காவில் உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தது. முகத்தைப் பற்றி அத்தனை சண்டை நடந்துகொண்டிருந்தபோது, உள்ளே விரல் நீளப் பொருள் ஒன்று தேய்ந்துகொண்டிருந்தது. நானும் கவிதைத் தொகுப்புகளின் அட்டையைத் திட்டி எழுதியிருக்கிறேன். அதனால் இதை அதிகம் நக்கலடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

சில சமயம் புகார் குறி தப்பாமல் விழுவதும் உண்டு. 2013-ல் வந்த ஜிடி3-ல் கையால் மாற்றும் கியரை எடுத்துவிட்டு பிடிகே எனும் தானியங்கி கியரை மட்டும் வைத்தார்கள். சுற்றுக்கு இத்தனை நொடி மிச்சம் என்ற கணக்கு சரியானதே. எங்களுக்கு நொடி வேண்டாம், கைக்கு வேலை வேண்டும் என்றார்கள் வாங்குகிறவர்கள். 2016-ல் கை கியரோடு 911 ஆர் என்று 991 வண்டிகள் மட்டும் வந்தன. அவற்றின் மறுவிற்பனை விலை ஏறிய வேகத்தைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் மிஞ்சவில்லை. 2017 ஜிடி3-ல் கை கியர் திரும்பி வந்தது. இந்தத் தடவை அவர்கள் இழந்ததற்குச் சரியான பெயர் வைத்திருந்தார்கள், அதனால் கிடைத்தது.

குறி தலைகீழாகவும் போகும். அமெரிக்காவில் 1963 கார்வெட்டின் பின் கண்ணாடியை நடுவில் ஒரு முதுகெலும்புபோலப் பட்டை பிரித்தது. வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செலுக்கு அது உயிர். பின்னால் ஒன்றும் தெரியாது என்று பொறியாளர் ஸோரா ஆர்குஸ்-டன்டோவ் எதிர்த்தார். அடுத்த வருஷமே பட்டை போயிற்று. 63 வைத்திருந்த சிலர் காசு கொடுத்துப் பட்டையை வெட்டி, 64-ன் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்கள். இன்று சேகரிப்பாளர்கள் ஆசைப்படுவது அந்தப் பட்டைக்குத்தான்.

சரி, விமர்சகன் என்று சொல்லிக்கொண்டு தீர்ப்புச் சொல்லாமல் நழுவக் கூடாது. 996-ஐப் பக்கவாட்டில் பாருங்கள். 1963-க்குப் பிறகு அத்தனை சுத்தமான கோடு 911-க்கு வாய்த்ததில்லை. ஹாங்காங்கில் பிறந்த பிங்கி லாய் வரைந்தது. காற்றுத் தடை எண் 0.30. பம்பர்களும் மடிப்புகளும் பல வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த சதையெல்லாம் உதிர்ந்துபோயிருக்கும். பின்னால் வந்த எல்லா 911-ம் இதைவிடக் கனத்தவை. முன்னால் வந்து நின்றால்தான் சிக்கல். பழைய 911-ல் மட்கார்டு ஒரு குழாய்போல ஓடிவந்து வட்டத்தில் முடியும். குழாயை வெட்டினால் வட்டம்தானே வரும்; விளக்குக்கு அங்கே ஒரு நியாயம் இருந்தது. 996-ல் குழாய் முடிவதில்லை. பம்பரை நோக்கிக் கசிகிறது. எனக்கு முட்டை பிரச்சினை இல்லை, அந்தக் கசிவுதான் பிரச்சினை. ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாமல் நீட்டியதுபோல. 2004-ல் வந்த 997 வட்டத்துக்கே திரும்பி, இண்டிகேட்டரைத் தனியே கீழே இறக்கியது. கைதட்டினார்கள். எனக்கு அது சரியான விளக்காகவும், கொஞ்சம் பயந்த வண்டியாகவும் படுகிறது. அதற்குப் பிறகு எந்த 911-ம் தன் முகத்தோடு விளையாடத் துணியவில்லை.

2024-ல் 911-ன் டாஷ்போர்டிலிருந்து கடைசி முள் மீட்டரும் போனது. நடுவில் நின்ற ஆர்பிஎம் வட்டமும் இப்போது திரையில் ஓர் ஓவியம். சாவிபோலத் திருகி ஸ்டார்ட் செய்யும் குமிழ் பட்டனாகிவிட்டது. மறுபடி கோபம். இந்த முறை நான் பழகிடும் என்று சொல்லவில்லை. நண்பரிடம் ஃபோனில் கேட்டேன். பட்டன் பரவாயில்லை என்றார். முள்ளைத் திரையில் வரைந்திருப்பதுதான் பிடிக்கவில்லையாம். "முள் வேணும்னா முள் வை. வேணாம்னா எண்ணைக் காட்டு. ஏன் முள்ளு மாதிரி நடிக்குது?" ஹாஃப்பாயில் என்று திட்டுவதைவிட இது கூர்மையான விமர்சனம்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம் அவர் வண்டியில் பல்ப் ஒன்று போய்விட்டது. நானும் கூட நின்றேன். முன் டிக்கியைத் திறந்து, பக்கத்தில் இருந்த துளைக்குள் ஒரு கருவியை விட்டுத் திருகினார். டொக் என்று ஒரு சத்தம். வெளியே போய் விளக்கைப் பிடித்து இழுத்தார். ஹெட்லைட், இண்டிகேட்டர், பனிவிளக்கு எல்லாம் ஒரே துண்டாகத் தண்டவாளத்தில் வருவதுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பல்பை எடுத்துவர வீட்டுக்குள் போகும்போது அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பின்பக்கம் வெறும் கறுப்பு பிளாஸ்டிக். எதிர்பார்த்ததைவிடக் கனம். எங்கே வைத்தால் கீறல் விழாது என்று தெரியாமல், அவர் திரும்பி வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.